மலைத்தேனும் சர்க்கரைதான்

கோலாவை விட்டுவிட்டு மலைத்தேன் கலந்த எலுமிச்சைச் சாறு குடித்தால் ஒரே வாரத்தில் முகப்பரு போய்விடும் என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். கோலாவை விடச் சொன்னது சரி. மற்றதைத் திருத்தியாக வேண்டும், ஏனென்றால் குன்னூரில் என் மகளும் அவள் தோழிகளும் இதை நம்பித் தேனை டம்ளர் டம்ளராகக் குடிக்கிறார்கள்.

தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. 300 மில்லி கோலாவில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை என்றால், இரண்டு மேசைக்கரண்டித் தேனிலும் கிட்டத்தட்ட அதே அளவு வந்துவிடும். உலக சுகாதார அமைப்பின் 2015 வழிகாட்டுதலும் தேனைக் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறது.

இனிப்பைக் குடிக்கும்போது இரத்தச் சர்க்கரை சட்டென ஏறும், இன்சுலினும் கூடவே ஏறும். அது ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியைத் தூண்டுவதால் தோலில் எண்ணெய்ச் சுரப்பு அதிகமாகலாம். ஆனால் பருவுக்கு இது மட்டுமே காரணமில்லை. பருவ வயது ஹார்மோன், பரம்பரை, மயிர்க்கால் அடைப்பு, பாக்டீரியா எல்லாம் சேர்ந்துதான் பரு. அதனால் கோலாவை நிறுத்தியும் சிலருக்குப் பரு போகாது. அது அவர்கள் தவறு அல்ல.

அப்புறம், ஊட்டிக் குளிரில் பரு வராது என்பதும் சரியில்லை. இங்கே முகம் வறண்டு வெடிக்கிறது என்று தேங்காய் எண்ணெயை அப்பிக்கொள்கிறோமே, அதுவே துளைகளை அடைக்கக்கூடும்.

மருந்து போட்டாலே பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். தழும்பு விழும் அளவுக்குப் பரு இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், தாமதிக்க வேண்டாம்.