ராஜபாளையமா, லேப்ரடாரா? முதலில் வேலியைப் பாருங்க

திருப்பூர் மாவட்டம் முத்தூர்ப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் சித்தப்பாவுக்கு நாய் வாங்க வேண்டும் என்று தம்பி போன வாரம் பெங்களூருவில் இருந்து போன் பண்ணினான். சித்தப்பாவுக்கு 71 வயது, சின்னம்மாவுக்கு 66. பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்காது, அவ்வளவு தூரம். பல்லடம் பக்கத்திலும் ஈரோடு மாவட்டச் சிவகிரிப் பக்கத்திலும் தோட்டத்து வீட்டில் இருந்தவர்களைக் கொன்று போட்டதில் இருந்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தூக்கம் இல்லை. "ஏனுங்ண்ணா, ராஜபாளையம் வாங்கட்டுங்களா, லேப்ரடார் வாங்கட்டுங்களா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றான்.

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டையும் வளர்த்தவன் நான். இதே யோசனையில் இன்னும் பல பேர் இருப்பீர்கள் என்பதால் அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது லேப்ரடார். கருப்பன் என்று பேர் வைத்தோம். அவனைப் போல ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. என் மகள் நடை பழகியதே அவன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான். ஆனால் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் குளிர்க் கடலில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களின் வழி வந்த இனம் அது. குளிரும் தண்ணீரும் தாங்க இரண்டு அடுக்கு முடி. அந்த முடியோடு காங்கேயத்துச் சித்திரை வெயிலில் நிற்பதைக் கற்பனை பண்ணிப் பாருங்கள். காலை பத்து மணிக்கே மாட்டுத் தண்ணித் தொட்டியில் இறங்கிப் படுத்துக்கொள்வான். சாயந்திரம் வரை நாக்கு உள்ளே போகாது.

அடுத்தது தீனி. லேப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, பசி அடங்காதபடி ஒரு மரபணுவிலேயே குறை இருக்கிறது என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதெல்லாம் எங்கள் அம்மாவுக்குத் தெரியாது. "பாக்குது பாரு, பாவம்" என்று பால் சோறு, தேங்காய்ச் சில்லு, முறுக்கு என்று போட்டுக்கொண்டே இருப்பார். 36 கிலோவுக்குள் இருக்க வேண்டியவன் நாலு வயசில் 43 கிலோ. இடுப்பு மூட்டு போய்விட்டது. கடைசி வருஷம் திண்ணைப் படி ஏற நானும் அப்பாவும் அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிவிட்டோம்.

காவல்? ஒரு ராத்திரி களத்தில் குவித்திருந்த தேங்காயில் பாதி போய்விட்டது. கருப்பன் களத்து ஓரத்தில்தான் படுத்திருந்தான், ஒரு குரைப்புச் சத்தம் கேட்கவில்லை. அவன் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். மனிதனை நம்பி, மனிதனோடு சேர்ந்து வேலை செய்யத்தான் அந்த இனத்தை வளர்த்தெடுத்தார்கள். அவனைக் காவலுக்கு என்று வாங்கி வந்தது நாங்கள்.

அப்புறம்தான் ராஜபாளையம். முழு வெள்ளை, ரோஸ் நிற மூக்கு, 45 நாள் குட்டி. விற்றவர் காட்டியபோது கூடப்பிறந்த குட்டிகளோடு துள்ளி விளையாடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். குட்டி சமையலறை வாசலில் படுத்திருக்கிறது. அதன் பின்னால் அம்மா கையில் இருந்து சில்வர் போசி நழுவிக் கல் தரையில் விழுந்தது. நான் வெளியே கட்டுத்தரையில் நின்றிருந்தேன், எனக்கே தூக்கிப் போட்டது. குட்டி காதைக்கூட அசைக்கவில்லை. போசி உருண்டு அதன் கண்ணுக்கு முன்னால் வந்த பிறகுதான் எழுந்து முகர்ந்து பார்த்தது. அம்மா என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் பேசவில்லை.

பிறவிக் காது கேளாமை ராஜபாளையம் நாய்களில் சிலவற்றுக்கு இருக்கும் குறை. வெள்ளை நிறத்தோடு வருவது அது. முடிக்கும் தோலுக்கும் நிறம் கொடுக்கிற செல்கள் உள்காதிலும் வேண்டும், அங்கே அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் சக்தி போய்விடும். கூட்டத்தில் பார்த்தால் தெரியாது, மற்ற குட்டிகள் ஓடினால் இதுவும் ஓடும். அதனால் குட்டியைத் தனியாக எடுத்துவரச் சொல்லுங்கள். அது உங்களைப் பார்க்காதபோது பின்னால் இருந்து சாவிக்கொத்தை ஆட்டுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

குட்டிக்கு வெள்ளச்சி என்று பேர் வைத்தோம், திருப்பிக் கொடுக்கவில்லை. ஆறு வருஷமாக எங்களோடு இருக்கிறாள். தூங்கும்போது தொட்டால் பதறிக் கடித்துவிடுவாள், அப்பாவின் கையில் தழும்பு இருக்கிறது. இப்போது பக்கத்தில் போகும் முன் தரையைக் காலால் தட்டுவோம், ராத்திரி என்றால் டார்ச் அடிப்போம். காது கேட்காமலே அவள் கருப்பனைவிட நல்ல காவல்காரி. மேட்டில் போய் உட்கார்ந்து தடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், புது ஆள் திரும்பினால் கத்த ஆரம்பித்துவிடுவாள். வீட்டு ஆள் நாலு பேரைத் தவிர யாரிடமும் சாப்பாடு வாங்க மாட்டாள்.

அப்படியென்றால் ராஜபாளையம்தானே என்கிறீர்களா? இங்கேதான் வேலி வருகிறது.

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுவது நமக்குப் புதுச் செய்தி இல்லை. செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் பண்ணியதைப் பார்த்தோம். விடிகாலையில் பட்டிக்குப் போய்க் குரல்வளை கிழிந்து கிடக்கும் ஆட்டையும், பக்கத்தில் நின்று கத்தும் குட்டியையும் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த வலி. எல்லாம் தெருநாய் என்று சொல்லிவிடுகிறோம். ராத்திரி அவிழ்த்துவிட்ட வீட்டு நாய் ஒன்றுகூட அந்தக் கூட்டத்தில் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன நாய். ஓடுவதைத் துரத்துவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி இருக்கும் கிளுவை உயிர்வேலி ஆட்டை நிறுத்தும், அதை நிறுத்தாது. அடியில் ஒரு சந்து போதும்.

வேலி இல்லையா, சங்கிலி போட்டுவிடலாம் என்பார்கள். பகல் முழுக்க ஆறடிச் சங்கிலியில் கிடக்கிற ராஜபாளையத்தைப் பார்த்திருக்கிறேன். கழுத்து முடி உதிர்ந்து, ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி மண் பள்ளமாகிவிட்டது. அது ஒருநாள் அறுத்துக்கொண்டு வந்தால் முதலில் கடிபடுவது பால் கறக்க வருபவர்தான். இந்த நாயை அப்படி வைத்திருப்பது பாவம்.

தம்பியிடம் சொன்னது இதுதான். வீட்டைச் சுற்றி அரை ஏக்கராவது ஆறடிக் கம்பி வலை போடு, வலையின் அடி ஓரடி மண்ணுக்குள் போகட்டும். அதற்கப்புறம் ராஜபாளையம் வாங்கு. பெண் குட்டியாகப் பார், சித்தப்பா கைக்குக் கொஞ்சமாவது அடங்கும். வளர்ந்த நாய் வேண்டவே வேண்டாம், குட்டியில் இருந்து அவர் கையாலேயே சோறு வைக்க வேண்டும். 45 நாளில் இருந்து தடுப்பூசியை ஆரம்பித்துவிடு, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, அப்புறம் தவறாமல் வருஷா வருஷம். நாய் யாரோடும் சண்டை போட வேண்டாம். அது குரைத்தால் கதவைத் திறக்காமல் உள்ளே இருந்தே போன் பண்ணச் சொல்.

வேலி போடத் தோதில்லை என்றால் இரண்டும் வேண்டாம். கட்டுத்தரையில் ஏற்கெனவே ஒரு நாட்டு நாய் படுத்திருக்கிறது. அதற்குக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, வயிறு நிறையச் சோறு போட்டால் போதும். லேப்ரடார் ஆசை இருந்தால் தம்பி தன் பிள்ளைகளுக்கு பெங்களூரு வீட்டில் வளர்க்கட்டும், அந்த ஊர்க் குளிர்ச்சி அதற்குப் பரவாயில்லை. தீனி மட்டும் அளந்து போட வேண்டும்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "வலைக்கே குட்டியைப் போலப் பத்து மடங்கு ஆகுங்களேண்ணா" என்றான். ஆகும் என்றேன். நேற்று சித்தப்பா கூப்பிட்டார். கல்லுக்கால் நடக் குழி எடுக்க ஆள் வந்திருக்கிறதாம். குட்டி பார்க்க நான் கூட வர வேண்டுமாம். சாவிக்கொத்தோடு போகிறேன்.