'பர்க்கினாபே' பிரெஞ்சுச் சொல்லா?
மேற்கு ஆப்பிரிக்காவின் பர்க்கினா ஃபாசோ நாட்டவரைக் குறிக்கும் 'பர்க்கினாபே' பிரெஞ்சுச் சொல் என்றும், ஆங்கிலத்தில் 'பர்க்கினியன்' என்று எழுதுவதே முறை என்றும் ஒரு கட்டுரையாளர் சொல்வதை ஏற்க முடியவில்லை. பிரெஞ்சு வழியாக வந்தது உண்மைதான். பிறந்த வீடு வேறு. 1984 ஆகஸ்டில் அந்நாட்டு அதிபர் தாமஸ் சங்காராவின் அரசு 'அப்பர் வோல்ட்டா' என்ற காலனியப் பெயரைத் தூக்கி எறிந்தபோது, நேர்மையைக் குறிக்கும் 'பர்க்கினா'வை மோரே மொழியிலிருந்தும், தந்தையர் நாட்டைக் குறிக்கும் 'ஃபாசோ'வை ஜூலா மொழியிலிருந்தும் எடுத்தது. குடிமக்கள் பெயருக்கு மட்டும் ஃபுலா மொழியின் 'பே' விகுதி. அது நம் 'அர்' போலப் பலர்பால் விகுதி! ஆகவே ஆங்கிலத்தில் ஒருவரும் பர்க்கினாபே, பத்துப் பேரும் பர்க்கினாபே. ஒரு மொழிபெயர்ப்பில் நானே 'பர்க்கினாபேஸ்' என்று எழுதி, மெய்ப்புத் தாளில் சிவப்புச் சுழி வாங்கியிருக்கிறேன். 'அவர்கள்கள்' என்று எழுதியது போல வெட்கமாக இருந்தது. அதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், நைஜர் நாட்டவரை 'நைஜீரியன்' என்றால் என்ன குறை என்று கேட்கிறார். அது நைஜீரியாக்காரரின் பெயர், ஐயா. நைஜர்காரர் ஆங்கிலத்தில் 'நைஜீரியென்'. ஆங்கில எழுத்தில் ஓர் 'ஏ' (a) போய் 'ஈ' (e) வரும், உச்சரிப்பில் அழுத்தம் கடைசி அசைக்கு நகரும். தமிழ்ச் செய்திகளில் இரு நாட்டவரும் 'நைஜீரியர்' ஆகிவிடுவது தனிக் கதை.