வரி ஏய்த்தது விவசாயி அல்ல

கூம்புக் கூரை போட்ட வெள்ளை வீடுகள், வாசலில் பூந்தொட்டி, நடுவில் ஒரு செல்ஃபி. தெற்கு இத்தாலியில் புலியா பகுதியில் இருக்கும் அல்பெரோபெல்லோவின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. கூடவே அந்தக் கதையும் வந்துவிடும்: வரிக்குப் பயந்து அந்த ஊர் விவசாயிகள் சாந்து வைக்காமல் கல்லை அடுக்கி வீடு கட்டினார்களாம், அதிகாரி வந்தால் சட்டென்று பிரித்துவிடுவார்களாம், என்ன மூளை பாருங்கள்!

எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்தப் பகுதி அன்றைக்கு நேப்பிள்ஸ் ராஜ்ஜியத்தில் இருந்தது, அங்கே புதிதாக ஊர் உண்டாக்கினால் பிரபு அரசனிடம் அனுமதி வாங்கி வரி கட்ட வேண்டும். அந்த நிலத்தையும் கொன்வெர்சானோ என்ற ஊரையும் ஆண்ட அக்வாவீவா என்ற பிரபுக் குடும்பத்துக்குக் காட்டை வெட்டி விளைநிலமாக்க ஆட்கள் வேண்டும், வரி மட்டும் வேண்டாம். அதனால்தான் வீட்டுக்குச் சாந்து கூடாது என்று கட்டளை. சாந்தில்லாத கல்கட்டு அந்தப் பக்கத்தில் முன்பே உண்டு, அதைக் கட்டாயமாக்கியது பிரபு. 1620 வாக்கில் ஜான்ஜிரோலாமோ என்ற பிரபு அங்கே ரொட்டி அடுப்பு, மாவு மில், சத்திரம் எல்லாம் கட்டவைத்தார். ஆக, ஊர் இருக்கிறது, கணக்கில் இல்லை.

ட்ருல்லோ என்று சொல்லும் இந்த வீட்டைக் கட்டுவது லேசான வேலையா? இரட்டைக் கல்சுவர், இடையில் சில்லுக்கல் நிரப்பு. மேலே தட்டைக் கற்களை வட்டம் வட்டமாக, ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் உள்ளே தள்ளி, உச்சியில் ஒரே கல்லால் மூடுகிற வரை அடுக்க வேண்டும். கூரையில் வழியும் மழைநீரைத் தரைக்கடியில் தொட்டியில் பிடித்துவைப்பார்கள், தண்ணீர் நிற்காத சுண்ணாம்புக்கல் பூமி அது. இதைப் பிரித்துப்போடு என்றால் அன்றைக்கு ராத்திரி பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது? எந்த ரீலிலும் இந்தக் கேள்வி வராது.

உண்மையிலேயே பாராட்ட வேண்டுமென்றால், 1797ல் தாரந்தோ நகருக்கு வந்திருந்த நான்காம் ஃபெர்டினாண்ட் அரசனிடம் நேரே போய் முறையிட்ட அந்த ஊர்க்காரர்கள் ஏழு பேரைப் பாராட்டலாம். அந்த வருடம் மே 27ல் ஆணை வந்தது, பிரபுவின் பிடி போனது. கையோடு சாந்து பூசி ஒரு வீடு கட்டினார்கள், காசா தமோரே, இன்னும் நிற்கிறது. பால்கனி உண்டு, கூம்பு கிடையாது, படத்துக்கு எடுபடாது.

1996ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு ஊரின் மொந்தி பகுதியில் வாசலுக்கு வாசல் நினைவுப்பொருள் கடைதான். போகிறவர்கள் எதிரே இருக்கும் அயா பிக்கோலா பகுதிப் பக்கமும் நடந்து பாருங்கள். அங்கே ஜனங்கள் குடியிருக்கிறார்கள், தயவுசெய்து ஜன்னலுக்குள் போனை நீட்டாதீர்கள்.