அப்பத்தை ஏன் மூடி வைக்கிறீங்க?

கல்கிசையிலும் நீர்கொழும்பிலும் கடலோர ஹோட்டல்களில் காலை பஃபேக்கு அப்பத்தை விடியவே சுட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மூடி வைக்கிறார்களே, யாருக்காக? தாச்சியில் ஒரு அகப்பை மாவை ஊற்றி, இரண்டு காதையும் பிடித்துச் சுழற்றி, மூடி, இரண்டு மூன்று நிமிஷம் விட்டால் ஓரம் மெல்லிசாகச் சிவந்து மொறுமொறுக்கும், நடு மெத்தென்றிருக்கும். அதை அந்த நிமிஷமே சாப்பிட வேணும். அடுக்கி மூடினால் ஆவி போக வழியில்லை, ஓரம் தொய்ந்து தோலாகிவிடும். பிய்க்க இரண்டு கையும் வேணும்!

முட்டை அப்பம் இன்னும் மோசம். மஞ்சள் கரு இறுகி வறண்டு கிடக்கும்.

அப்பத்தோடு தொட்டுக்கொள்ள வைக்கிற கட்டச் சம்பல்? வெங்காயம், செத்தல் மிளகாய், மாசிக் கருவாடு, உப்பு, தேசிக்காய்ப் புளி. இவ்வளவுதான். வெளிநாட்டுக்காரருக்கு உறைக்குமாம், மிளகாயைக் குறைத்துச் சீனியும் போடுகிறார்கள். மாசியைக் காணவே காணோம். சீனிச் சம்பல் வேறயப்பா, அது எண்ணெயில் வதக்கிச் செய்வது! இனிப்பு வேணுமென்றால் அதையே வைக்கலாமே.

இதற்குமேல் 'உள்ளூர் உணவு' என்று பலகை. வெள்ளவத்தையில் சின்னக் கடைக்காரரே கேட்ட பிறகுதான் அப்பம் ஊற்றுகிறார். இவ்வளவு காசு வாங்குகிற இடத்தில் ஒரு அடுப்பையும் ஒரு ஆளையும் வெளியே நிறுத்த என்ன கஷ்டம்?