சத்து மாத்திரை மேல் உங்களுக்கு என்ன அப்படிக் கோபம்?

அந்த வளைகாப்பு ரீலை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: சத்து மாத்திரை, அதாவது கர்ப்பிணிக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை, சாப்பிட்டால் பிள்ளை கருப்பாகப் பிறக்குமாம், பெருத்துப்போய் ஆபரேஷனில் முடியுமாம், குட்டியாக இருந்தால்தான் சுகப்பிரசவமாம். கீழே வரிசையாக ஹார்ட்டின்.

கருப்பாகப் பிறந்தால் என்ன கேடு என்பது தனிச் சண்டை, அப்புறம் போட்டுக்கொள்ளலாம். மாத்திரையால் கருப்பாவது மலம் மட்டும்தான்.

குட்டியாகப் பிறந்தால் நல்லதா? இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கிற குழந்தைக்கு உடம்பு சீக்கிரம் சில்லிட்டுப் போகும். பால் இழுத்துக் குடிக்கத் தெம்பிருக்காது. தொற்று எளிதில் வரும். அந்த ரீலில் இதெல்லாம் வராது.

என் தங்கைக்கு முதல் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை. நர்சம்மா கொடுத்த மாத்திரையை மாமியார் வாங்கி பீரோவில் வைத்துவிட்டார். காரணம் இதே கருப்புதான். அவள் கேட்டு வாங்கிப் போட்ட நாட்களிலும் கையில் டீயைக் கொடுத்துத்தான் விழுங்க வைத்தார்கள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? எட்டாம் மாதம் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸில் இரும்புச்சத்து ஏற்றினார்கள். பிள்ளை பிறந்தபோது 1 கிலோ 900. பார்க்க வந்தவர்களிடம் அதே மாமியார் சொன்னது: "இவ ஒழுங்கா சாப்பிட்டிருந்தா புள்ள இப்படியா இருக்கும்?"

ரத்தசோகை மட்டும்தான் காரணமா என்று கேட்பீர்கள். இல்லைதான். இரட்டைப் பிள்ளை, ரத்த அழுத்தம், குறைமாதம் என்று பல உண்டு. ஹீமோகுளோபின் 10 இருந்தும் மூன்று கிலோ பிள்ளை பெற்றவர்களும் உண்டு. சரி, அதற்காக? வயிற்றுப் பிள்ளைக்கு ஆக்சிஜன் போவது அம்மாவின் ரத்தம் வழியாகத்தான். ரத்தசோகை கடுமையாக ஆக ஆக, குறைமாதத்துக்கும் எடைக் குறைவுக்கும் வாய்ப்பு கூடுகிறது. பிரசவத்தில் ரத்தம் போனால் தாங்க அவளிடம் மிச்சமும் இருக்காது.

"முருங்கைக்கீரை போதாதா?" தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். கீரையில் இருப்பதில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். ஏற்கெனவே காலியாக இருக்கிறவளைக் கீரையை மட்டும் கொடுத்து ஏழெட்டு மாதத்தில் தேற்ற முடியாது. அதனால்தான் நான்காம் மாதத்திலிருந்து தினமும் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைக் குறைந்தது 180 நாள் இலவசமாகவே கொடுக்கிறார்கள். வாந்தி வருகிறதா, மலச்சிக்கலா? நர்சம்மாவிடம் சொன்னால் வழி சொல்வார். கால்சியம் மாத்திரையோடு சேர்த்து மட்டும் போடாதீர்கள்.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. அந்த ரீல் அம்மையாரும் இல்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லையே!

எனக்கு உண்மையில் ஆத்திரம் அந்த ரீல் மேல்கூட இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 19 வயதுப் பெண்களில் அது 59.1. அதாவது கல்யாணத்துக்கு முன்பே, வளையல் அடுக்குவதற்கு வெகு முன்பே அவளிடம் ரத்தம் இல்லை. மாதாமாதம் போகிறது, தட்டில் வருவதோ எல்லோரும் சாப்பிட்டு மிச்சமிருக்கும் குழம்பு. ஈரல் வறுத்தால் யார் தட்டுக்குப் போகிறது என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். இவ்வளவும் செய்துவிட்டு, தராசில் எடை குறைந்தால் அவள் தலையில் கட்டுவது! என் தங்கை அன்றைக்கு வாயே திறக்கவில்லை. நானும் அங்கே சம்பந்தி வீட்டு மரியாதைக்காகச் சும்மா இருந்தேன். இங்கே இருக்க மாட்டேன்.

"எங்கள் பாட்டி மாத்திரையே இல்லாமல் பத்து பெற்றாள்" என்று கமெண்டில் எழுத வருகிறவர்கள், அதில் எத்தனை தங்கியது என்பதையும் வீட்டில் கேட்டுவிட்டு வந்து எழுதவும்.