பேனர் ஓவியர்களும் கட்டம் போட்டுத்தான் வரைந்தார்கள்

பழைய சினிமா பேனர் ஓவியர்கள் எதையும் பார்க்காமல் நேரடியாக வரைந்தார்கள், கட்டம் போட்டுப் பழகினால் கை வராது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நண்பரே, அவர்கள் வேலை செய்த விதம் வேறு. படத்தின் ஸ்டில்லில் சின்னக் கட்டங்கள், துணியில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்குவார்கள். அப்புறம் முகத்தில் நீலமும் ரோஸும் துணிந்து ஏற்றுவார்களே, கைவண்ணம் அங்கேதான்.

பாதி வரைந்த பேனர்களின் பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், வண்ணம் ஏறாத இடத்தில் கோடுகள் தெரியும். இல்லையென்றால் நீங்களே போட்டோவில் அரை அங்குலக் கட்டம், சுவரில் அரை அடிக் கட்டம் போட்டு வரையுங்கள். படம் சரியாக 12 மடங்காகும், மூக்கு கோணாது. எங்கள் பாம்பனில் படகுக்குப் பெயர் எழுதும் அண்ணனும் சாக்பீஸ் பொடி தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்ட பிறகுதான் பிரஷைத் தொடுகிறார்.