வலது மூளைக் குழந்தை, இடது மூளைக் குழந்தை என்று இரண்டு வகை இல்லை

பலரும் பகிர்ந்திருக்கும் செய்தி இதுதான்: படம் வரையும், பாடும் குழந்தைகளுக்கு வலது மூளை ஓங்கியிருக்கும், கணக்கில் கெட்டியானவர்களுக்கு இடது மூளை. எந்த வகை என்று பார்த்துத்தான் கலை வகுப்பில் சேர்க்க வேண்டும்.

அக்கறையோடுதான் பகிர்ந்திருக்கிறீர்கள். ஆனால் அப்படி இரண்டு வகைக் குழந்தைகள் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கடுமையான வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளுக்கும் இடையிலான இணைப்பு துண்டிக்கப்பட்டவர்களை மூளை ஆராய்ச்சியாளர் ரோஜர் ஸ்பெர்ரி ஆராய்ந்தார். 1981-இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் ஆய்வு காட்டியபடி, பேச்சு போன்ற சில வேலைகளில் ஒரு பாதி முந்தி நிற்பது உண்மைதான். அதை இழுத்து நீட்டி, ஆட்களையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். யானை வரையும் பிள்ளையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். தும்பிக்கைக்குத் தாளில் இடம் போதுமா என்று பார்க்கும், காலை எண்ணும், நடுவில் யானைக்குப் பெயரும் வைத்துவிடும். இதில் எந்தப் பாதி சும்மா இருக்கிறது?

நீங்களே சரிபார்க்கலாம். 7 முதல் 29 வயது வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று ஆராய்ந்து, 2013-இல் 'பிளாஸ் ஒன்' (PLOS ONE) என்ற அறிவியல் இதழில் வெளியிட்டது. ஒருவருக்கு ஒட்டுமொத்தமாக ஒரு பாதி ஓங்கியிருப்பதாக அதில் தெரியவில்லை. இலவசமாகவே படிக்கலாம், இதழ், ஆண்டு, பல்கலைக்கழகம் மூன்றையும் போட்டுத் தேடினால் வரும். தொடக்கச் சுருக்கமே போதும்.

கலை வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. வாய்ப்பாட்டோ அனிமேஷனோ, பிடித்ததில் சேருங்கள். 'எந்த மூளை' என்று கண்டுபிடிக்க யாராவது கட்டணம் கேட்டால், ஆய்வைக் காட்டச் சொல்லுங்கள்.